மழை 60, நெரிசல் 45, கூட்டினால் 105 வருகிறது: புனலூர் இலை ஒப்பந்தத்துக்கு எது சரியான கணக்கு?

இலைக்கட்டு பண்பொழி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் செங்கோட்டைக்குப் பக்கத்தில் பண்பொழி. வாழை இலை வியாபாரம். சாயங்காலம் அறுத்துக் கட்டி வைத்துவிட்டு, விடியக்காலம் 4 மணிக்குக் குட்டியானையில் 20 கட்டு ஏற்றுவேன். புளியரை, எஸ் வளைவு, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர். தடங்கல் இல்லாத நாளில் 6 மணிக்குள் சந்தையில் இறக்கிவிடலாம்.

இப்போது புனலூரில் கல்யாணச் சமையல் எடுத்து நடத்தும் ஒருவர் ஒப்பந்தம் பேசுகிறார். ஆவணி 1 முதல் ஒரு மாதம், அவர்கள் கணக்கில் சிங்க மாதம். கர்க்கடகம் முழுக்கக் கல்யாணம் இல்லாமல் கிடந்துவிட்டு, சிங்கம் பிறந்ததும் மண்டபங்கள் வரிசையாக நிரம்பும். இலை காலை 6:30க்குள் வந்தால் கட்டு 1000 ரூபாய். 6:30 தாண்டினால் 600 ரூபாய். இந்த ஒப்பந்தம் இல்லாமல் சந்தையில் போட்டால் எனக்குச் சராசரியாகக் கட்டுக்கு 700 கிடைக்கிறது. சந்தையில் கொஞ்சம் பிந்தினாலும் விலை அவ்வளவாகக் குறையாது.

ஆக, நான் எத்தனை நாள் பிந்துவேன் என்பதுதான் கேள்வி. என்னைப் பிந்தவைப்பது இரண்டே விஷயம். ஒன்று மலைப்பாதையில் மழை. இன்னொன்று எஸ் வளைவில் வண்டிகள் மாட்டிக்கொண்டு நிற்பது. இரண்டில் ஏதாவது ஒன்று நடந்தாலும் 6:30 போய்விடும். இரண்டும் நடந்தால் 7:30கூட ஆகும்.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. போன வருடம் வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணிக் கடைசி வரை 80 நடை போயிருக்கிறேன். மழை நாளில் ‘ம’ என்று போட்டிருக்கிறேன், ஏனென்றால் கட்டுக்குள் தண்ணீர் இறங்கினால் இலை கறுத்துவிடும், அன்றைக்குப் பிரித்து வடியவிட வேண்டும். சாரலை நான் எழுதுவதில்லை. சாரல் எங்கள் பக்கம் ஆனி ஆடியில் தினமும் உண்டு. தார்ப்பாய் போட்டு மூடி, வண்டியை மெதுவாக விடவேண்டி வந்த மழைதான் ‘ம’. வண்டி அரை மணிக்கு மேல் நின்ற நாளில் ‘நி’ என்று போட்டிருக்கிறேன், கூட வரும் தம்பிக்கு டீச் செலவு எழுதுவதற்காக. எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று மட்டும் எழுதவில்லை.

80 நடையில் ‘ம’ 48. அதாவது 60 சதவீதம். ‘நி’ 36. அதாவது 45 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 105 சதவீதம் வருகிறது. நூறு நடையில் நூற்றைந்து நடை எப்படிப் பிந்தும்? என் மகள் பத்தாம் வகுப்பு. அவள் ‘கூட்டக்கூடாது அப்பா, பெருக்கிக் கழிக்க வேண்டும்’ என்று 78 சதவீதம் சொல்கிறாள். அவளுக்கும் ஏன் என்று முழுதாகச் சொல்ல வரவில்லை.

மூன்று வருடம் முன்பு வேறொரு ஊரில் இதே மாதிரி வாய்க்கணக்கில் ஒத்துக்கொண்டு, ஒரு மாதத்தில் 11,000 ரூபாய் கைக்காசு போனது. அதனால்தான் இந்தத் தடவை கணக்குப் பார்த்துவிட்டுக் கையை நீட்டலாம் என்று இருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கொல்லம் லைன் எழுதியது:

அண்ணாச்சி, உங்கள் மகள் சொன்னது சரி. நான் செங்கோட்டைக்காரன், வேலை கொல்லத்தில். மீட்டர் கேஜ் ரயில் பாதையை எடுத்த 2010 முதல் அகலப்பாதை முழுதாகத் திறந்த 2018 வரை இந்த மலைப்பாதையில் பஸ்ஸில்தான் போய் வந்தேன். எஸ் வளைவில் நின்ற மணிநேரங்களைச் சேர்த்தால் பல நாள் தேறும்.

நான் இப்படிச் செய்வேன். பிந்தும் நாளை நேரடியாக எண்ணப் பார்க்காதீர்கள், பிந்தாத நாளை எண்ணுங்கள். பிந்தாமல் இருக்க இரண்டு காரியம் நடக்க வேண்டும்: மழை வரக்கூடாது, நெரிசலும் இருக்கக்கூடாது. மழை வராத நாள் நூற்றுக்கு 40. அந்த 40இல் நெரிசல் இல்லாதது 55 சதவீதம். 40இல் 55 சதவீதம் என்றால் 22. ஆக நூற்றுக்கு 22 நாள்தான் நேரத்துக்குப் போவீர்கள், 78 நாள் பிந்துவீர்கள். மகள் சொன்ன அதே 78.

இனி பணம். 22 நாள் 1000, 78 நாள் 600. சராசரி 220 கூட்டல் 468, மொத்தம் 688 ரூபாய். சந்தையில் 700 கிடைக்கிறது. 12 ரூபாய் நஷ்டத்துக்கு எதற்கு அந்தப் பதற்றம்? வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

---

மறையூர் வாத்தியார் எழுதியது:

கொஞ்சம் பொறுங்கள் அண்ணாச்சி, அவசரப்பட்டு வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். நான் மறையூரில் தமிழ்வழிப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். உங்கள் கேள்வியை இன்று வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதிவிட்டேன். அத்தனை நல்ல கேள்வி.

முதலில் 105 ஏன் வந்தது என்று பார்ப்போம். உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். 80 அங்குலம் நீளமான ஒரு திண்ணை. அதில் 48 அங்குல இலை ஒன்றும் 36 அங்குல இலை ஒன்றும் நீளவாக்கில் விரிக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்தால் 84 அங்குலம். திண்ணையோ 80. வெளியே தொங்கக்கூடாது என்றால், குறைந்தது 4 அங்குலமாவது ஓர் இலைமேல் இன்னோர் இலை ஏறித்தான் ஆக வேண்டும். ஏறிய பாகத்தில் தரை ஒருமுறைதான் மூடப்படுகிறது. நீங்கள் கூட்டும்போது அதை இரண்டு முறை எண்ணிவிட்டீர்கள்.

திண்ணை உங்கள் 80 நடை. ஓர் இலை மழை, இன்னொன்று நெரிசல். மழையும் பெய்து வண்டியும் நின்ற நாள்தான் ஏறிய பாகம். மூடப்பட்ட தரை எவ்வளவு என்றால், இரண்டு நீளத்தையும் கூட்டி, ஏறிய பாகத்தை ஒருமுறை கழிக்க வேண்டும். உங்கள் மகளின் புத்தகத்தில் எட்டாவது பாடத்தில் ‘நிகழ்தகவின் கூட்டல் தேற்றம்’ என்று இருப்பது இவ்வளவுதான்.

இது எந்த நிகழ்ச்சிக்கும் பொருந்தும். ஆனால் ஏறிய பாகம் எவ்வளவு என்று தேற்றம் சொல்லாது. அதை வெளியிலிருந்து நாம்தான் கொண்டுவர வேண்டும். மகளும் கொல்லம் லைன் தம்பியும் அந்த இடத்தில்தான் ஒரு விஷயத்தைக் கேட்காமலே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

வீட்டில் பித்தளைத் தாயக்கட்டை இருக்கிறதா? இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: 1, 2, 3, புள்ளி இல்லாத வெறுமுகம். மகளை 4க்கு 4 கட்டம் போடச் சொல்லுங்கள், 16 கட்டம் வரும். முதல் கட்டையில் 1 விழும் கட்டம் 4. இரண்டாவதில் 1 விழும் கட்டமும் 4. ஏதாவது ஒன்றிலாவது 1 விழும் கட்டத்தை எண்ணினால் 8 இருக்காது, 7தான் இருக்கும். இரண்டிலும் 1 விழுந்த அந்த ஒரு கட்டம் இரண்டு வரிசையிலும் நிற்கிறது. இங்கே ஏறிய பாகம் நாலில் ஒன்றை நாலில் ஒன்றால் பெருக்கினால் வரும் பதினாறில் ஒன்று. பெருக்கியது இங்கே சரி, ஏனென்றால் ஒரு கட்டையில் என்ன விழுந்தது என்பது மற்றக் கட்டைக்குத் தெரியாது. ஒன்று இன்னொன்றைத் தொடவே இல்லை. இப்படிப்பட்டவற்றைத்தான் சார்பற்ற நிகழ்ச்சிகள் என்கிறோம்.

தாயக்கட்டை விளையாட்டிலேயே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தாயம் விழ 1ம் வெறுமுகமும் வர வேண்டும். 16இல் 2 கட்டம், அதாவது எட்டில் ஒன்று. அப்படியானால் 8 முறை உருட்டினால் தாயம் உறுதியா? விளையாடிய யாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். எட்டு முறையும் தாயம் விழாமல் போக 34 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. அதுவும் எட்டு எட்டில்-ஒன்றைக் கூட்டி ‘ஒன்று’ என்று நினைக்கும் அதே பிழைதான்.

இனி உங்கள் எஸ் வளைவுக்கு வருகிறேன். மழை பெய்கிறது என்பது அந்த வளைவுக்குத் தெரியாதா? மழை நாளிலும் வெயில் நாளிலும் லாரிகள் ஒரே அளவில்தான் மாட்டுமா? அப்படி இருந்தால் மட்டும் 60ஐ 45ஆல் பெருக்கலாம். தம்பி ‘மழை வராத 40 நாளில் நெரிசல் இல்லாதது 55 சதவீதம்’ என்றார். 55 என்பது எல்லா நாளையும் சேர்த்த கணக்கு. மழை இல்லாத நாளுக்கு மட்டும் அது எவ்வளவு என்று நமக்கு இன்னும் தெரியவில்லை.

உங்கள் நோட்டில் அதற்கும் பதில் இருக்கிறது. ‘ம’வும் ‘நி’யும் ஒரே நாளில் விழுந்த நடைகளை மட்டும் எண்ணிச் சொல்லுங்கள். அந்த எண் 4க்குக் கீழே போகாது, 36க்கு மேலேயும் போகாது. 4 என்றால் 80 நடையும் பிந்தியிருக்கிறீர்கள். 36 என்றால் 48 நடைதான் பிந்தியிருக்கிறீர்கள். இவ்வளவு பெரிய இடைவெளியை அந்த ஒரே எண்தான் அடைக்க வேண்டும்.

---

ஆரியங்காவு டீக்கடை எழுதியது:

கணக்கு எனக்கு அவ்வளவு வராது. ஆனால் மழைக்கும் அந்த வளைவுக்கும் சம்பந்தம் உண்டா என்று சார் கேட்டதற்கு நான் பதில் சொல்ல முடியும். 19 வருடமாக ரோட்டோரத்தில் கடை வைத்திருக்கிறேன்.

சாதாரண நாளில் பாரம் ஏற்றிய லாரி ஏற்றத்தில் முக்கிக்கொண்டு வந்துவிடும். மழை பெய்தால் டயர் பிடிக்காது. நீளமான வண்டி அந்த வளைவில் ஒரே வெட்டில் திரும்பாது, பின்னால் எடுத்து முன்னால் போக வேண்டும். மழையில் பின்னால் எடுக்க டிரைவருக்குப் பயம். அவன் தயங்கி நிற்கிற இரண்டு நிமிடத்தில் எதிரில் இறங்கி வருகிறவன் முன்னால் வந்து நின்றுவிடுவான். அப்புறம் இரண்டு பக்கமும் வால் நீண்டுவிடும். மரக்கிளை ஒடிந்து விழுவதும் மழையில்தான். கடையில் கூட்டம் வைத்தே எனக்குத் தெரியும்: மழை விட்டுப் பெய்த விடியற்காலம் என்றால் பால் ஒரு லிட்டர் கூடுதலாக வாங்கி வைப்பேன். ஆகவே அந்த வளைவுக்கு மழை நன்றாகவே தெரியும் சார்.

கூட ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் லாட்டரி அரசாங்கமே நடத்துவது, 1967இல் துறை தொடங்கியதிலிருந்து உண்டு. தமிழ்நாட்டில் 2003இலிருந்து தடை. என் கடைக்கு வரும் ஒருவர் கடைசி நான்கு எண் பார்த்து, வேறு வேறு எண்ணாக 5 சீட்டு வாங்குவார். ‘ஐந்து வாங்கினால் ஐந்து மடங்கு வாய்ப்பு’ என்பார். அவர் கூட்டுவதும் தப்பா?

---

இலைக்கட்டு பண்பொழி எழுதியது:

வாத்தியார் ஐயா, இலையை வைத்து நீங்கள் சொன்னதை மகளும் நானும் திண்ணையில் நிஜமாகவே விரித்துப் பார்த்தோம். இப்போது அவளுக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. தாயக்கட்டைக் கட்டத்தையும் போட்டு 7 எண்ணிக் காட்டினாள்.

நோட்டை எடுத்து இரண்டு பேரும் தனித்தனியாக எண்ணினோம். நான் 29 என்றேன், அவள் 30 என்றாள். மறுபடி பார்த்ததில் ஆடி அமாவாசைக்கு முந்தின நாளை நான் விட்டிருக்கிறேன். 30தான் சரி.

டீக்கடை அண்ணன் சொன்னது அப்படியே நோட்டில் இருக்கிறது. மழை பெய்த 48 நடையில் 30 தடவை நின்றிருக்கிறேன். மழை இல்லாத 32 நடையில் வெறும் 6 தடவை. இத்தனை வருடம் அந்தப் பாதையில் ஓட்டியும் இப்படிப் பிரித்து நான் பார்த்ததே இல்லை. மழை நாளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கிறேன், காய்ந்த நாளில் ஐந்தில் ஒன்றுகூட இல்லை.

---

மறையூர் வாத்தியார் எழுதியது:

பிரமாதம் அண்ணாச்சி. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணியது அதைவிடப் பிரமாதம்.

48 கூட்டல் 36 கழித்தல் 30. பிந்திய நடை 54. 80இல் 54 என்றால் 67.5 சதவீதம். பெருக்கி வந்த 78 இல்லை. மழையும் நெரிசலும் தொடர்பில்லாதவையாக இருந்தால் இரண்டும் சேர்ந்த நடை 80இல் 27 சதவீதம், அதாவது 21 அல்லது 22 வந்திருக்கும். உங்களுக்கு 30 வந்திருக்கிறது. மழை நெரிசலைக் கூட்டிக்கொண்டு வருவதால் இலைகள் ஒன்றின்மேல் ஒன்று அதிகமாக ஏறிவிட்டன. அதிகமாக ஏறினால் மூடப்படும் தரை குறையும். கெட்ட நாட்கள் ஒரே நாளில் குவிவதால் நல்ல நாட்கள் உங்களுக்குக் கூடுதலாக மிஞ்சுகின்றன. கொல்லம் லைன் தம்பி சொன்ன வழியிலேயே போய்ச் சரிபார்க்கலாம்: மழை இல்லாத 32இல் நெரிசல் 6, மிச்சம் 26. 80இல் 26 போனால் அதே 54.

இனி பணம். 32.5 சதவீதம் நாள் 1000, 67.5 சதவீதம் நாள் 600. சராசரி 730 ரூபாய். சந்தையின் 700ஐவிட 30 கூடுதல். 20 கட்டுக்கு ஒரு நாளைக்கு 600 ரூபாய். பெருக்கிப் பார்த்தபோது நஷ்டம் என்று தெரிந்த அதே ஒப்பந்தம் இது.

இன்னொரு எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பிந்தினால் ஒப்பந்தமும் சந்தையும் சமம்? நேரத்துக்குப் போனால் 300 லாபம், பிந்தினால் 100 நஷ்டம். ஒரு நல்ல நாள் மூன்று கெட்ட நாளைத் தாங்கும். அதாவது நான்கில் மூன்று, 75 சதவீதம் வரை பிந்தினாலும் கையைக் கடிக்காது. உங்கள் 67.5 அதற்குக் கீழே இருக்கிறது, ஆனால் வெகு தூரத்தில் இல்லை.

டீக்கடை அண்ணனுக்கு: உங்கள் வாடிக்கையாளர் கூட்டியது சரிதான். குலுக்கலில் ஒரு நான்கு இலக்க எண் எடுத்தால், அவரிடம் உள்ள ஐந்து வேறு வேறு எண்ணில் ஒன்றுதான் அதாக இருக்க முடியும். இரண்டு சீட்டு ஒரே எண்ணுக்கு ஜெயிக்க வழியில்லை. இலைகள் ஏறவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், அங்கே கழிக்க ஒன்றும் இல்லை. ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள் என்று புத்தகம் சொல்வது இவற்றைத்தான். ஐந்து மடங்கு வாய்ப்பு என்றால் எவ்வளவு என்றும் அவரிடம் சொல்லுங்கள்: பத்தாயிரத்தில் ஐந்து. மீதி 9,995 பக்கம் அவர் இல்லை. பிள்ளைகள் இருக்கிற மனிதர் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

---

கொல்லம் லைன் எழுதியது:

சார், நான் சொன்னது தவறு, ஒத்துக்கொள்கிறேன். எட்டு வருடம் அந்தப் பாதையில் போனவன், மழை நாளில்தான் அதிகம் நிற்போம் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததைக் கணக்கில் எழுதவில்லை. அண்ணாச்சி, என் பேச்சைக் கேட்டு வேண்டாம் என்று சொல்லிவிடவில்லையே?

---

புனலூர் மருமகள் எழுதியது:

அண்ணாச்சி, நான் கடையநல்லூரில் பிறந்து புனலூரில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் வீட்டு விசேஷத்துக்கும் உங்கள் பக்கத்து இலைதான் வரும். வாத்தியார் சார் கணக்கில் ஒரு குறையும் இல்லை, ஆனால் நோட்டைப் பற்றி ஒன்று கேட்கத் தோன்றுகிறது.

ஒப்பந்தம் சிங்க மாதத்துக்கு மட்டும்தானே? நோட்டில் இருப்பது வைகாசிக் கடைசியிலிருந்து. இடவப்பாதி மழை கேரளத்தில் ஜூன் 1 வாக்கில் தொடங்கும், ஜூனும் ஜூலையும்தான் அதன் கனம். சிங்கத்தில் வெயிலும் மழையும் மாறி மாறி வரும். ஆகவே மழை 60 சதவீதம் என்பது அந்த மாதத்துக்குக் கூடுதலாக இருக்கலாம். நெரிசல் நேர்மாறு. ஓணத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து பூவும் காய்கறியும் இந்த வழியாகத்தான் வரும். அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாளும் வானம் வெளுத்திருந்தாலும் ரோடு நிற்கும். அந்த நாளில் டீக்கடை அண்ணன் சொன்ன மழைக் கணக்கு செல்லாது.

சந்தை விலையும் அப்படியே. ஓணம் சத்யா சாப்பாட்டுக்கு நுனி இலை கிடைக்காமல் நானே இரண்டு கடை அலைந்திருக்கிறேன். 700 என்பது எல்லா மாதத்தையும் சேர்த்த சராசரி. ஓணத்தில் சந்தையில் அந்த விலைக்கா கொடுப்பீர்கள்? ஆவணி நடைகளை மட்டும் தனியாக எண்ணுங்கள். அதிலும் ஓணம் பத்து நாளைத் தனியாகப் பிரியுங்கள்.

---

இலைக்கட்டு பண்பொழி எழுதியது:

தங்கச்சி, நீ கேட்ட கேள்வியில்தான் என் பணம் இருந்தது. நேற்று ராத்திரி 11 மணி வரை மகளும் நானும் உட்கார்ந்துவிட்டோம். வந்த கணக்கை அப்படியே எழுதுகிறேன், தவறு இருந்தால் வாத்தியார் ஐயா திருத்துங்கள்.

ஆவணியில் மட்டும் 24 நடை. மழை 10, நெரிசல் 12, இரண்டும் சேர்ந்தது 8. 10 கூட்டல் 12 கழித்தல் 8, பிந்தியது 14. 24இல் 14 என்றால் 58 சதவீதம் சொச்சம். முழு நோட்டுக்கு வந்த 67.5ஐவிடக் குறைவு. ஒப்பந்த விலையில் போட்டால் 10 நடை 1000, 14 நடை 600, சராசரி 766 ரூபாய். இதுவரை பார்த்தபோது சந்தோஷம்தான்.

அப்புறம் சந்தை விலையைப் பார்த்தேன். அந்த 24 நடைக்குச் சந்தையில் எனக்குக் கிடைத்தது சராசரி 760. ஆறு ரூபாய் வித்தியாசம். ஒன்றுமே இல்லை. 700ஐ வைத்துக்கொண்டு 75 சதவீதம் வரை தாங்கும் என்று நினைத்திருந்தேன், 760 என்றால் 60 சதவீதம் வரைதான் தாங்கும். ஒரு நடை கூடுதலாகப் பிந்தினால் போச்சு.

ஆனால் தங்கச்சி சொன்னபடி ஓணத்தைப் பிரித்ததும் விஷயம் மாறிவிட்டது. ஓணம் பத்து நாளில் 9 நடை போயிருக்கிறேன். அதில் 8 நடை பிந்தியது. ஒப்பந்தத்தில் இருந்திருந்தால் கட்டுக்குச் சராசரி 644 வந்திருக்கும். சந்தையில் அந்த 9 நடைக்கும் எனக்குக் கிடைத்தது சராசரி 900. மிச்சம் 15 நடையில் பிந்தியது 6தான். ஒப்பந்தத்தில் 840 வந்திருக்கும், சந்தையில் கிடைத்தது 676. இரண்டையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஒன்றுக்கொன்று அடித்துக்கொண்டு 766, 760 என்று வந்து நிற்கிறது. பிரித்தால்தான் எங்கே லாபம், எங்கே நஷ்டம் என்று தெரிகிறது.

15 நடை என்பது சின்னக் கணக்கு என்று எனக்கே தெரிகிறது. இந்த வருடம் மழை வேறு மாதிரி பெய்யலாம். ஆனாலும் 840க்கும் 676க்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. மகள் போட்டுக் காட்டினாள்: அந்த 15இல் 6க்குப் பதில் 12 நடை பிந்தினாலும் 680 வரும், சந்தைக்குச் சமம்.

இன்று காலை புனலூரில் அவரை நேரில் பார்த்துப் பேசினேன். மாதம் முழுக்க அவர் சொன்ன விலைக்கு ஒத்துக்கொள்கிறேன், அத்தம் முதல் திருவோணம் வரை மட்டும் அன்றைய சந்தை விலை, மணிக்கணக்கு கிடையாது என்று சொன்னேன். முதலில் முடியாது என்றார். நோட்டை விரித்து, அந்த ஒன்பது நாளில் எட்டு ‘நி’யைக் காட்டினேன். அந்த நாளில் யார் கொண்டுவந்தாலும் நேரத்துக்கு வராது என்று அவருக்கும் தெரியும். இலை வந்து சேர்ந்தால் போதும் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார். மற்ற நாளில் 6:30 என்பதில் ஒரு நிமிடம்கூட விடமாட்டேன் என்றார். அது சரிதான், பந்திக்கு முன் இலை கழுவித் துடைக்க வேண்டுமே.

கொல்லம் லைன் தம்பி, உங்கள் பேச்சைக் கேட்டு ஒன்றும் விட்டுவிடவில்லை, வருத்தப்படாதீர்கள். பிந்தாத நாளை எண்ணும் உங்கள் வழியில்தான் மகள் எல்லாக் கணக்கையும் ஒருமுறை சரிபார்த்தாள். டீக்கடை அண்ணன், ஆவணி பிறந்ததும் 5 மணி வாக்கில் கடைப்பக்கம் வருவேன், எனக்கும் தம்பிக்கும் இரண்டு டீ.

நோட்டில் இன்றைக்கு ஒரு பத்தி புதிதாகக் கோடு போட்டிருக்கிறேன். தேதி, ‘ம’, ‘நி’ தாண்டி நான்காவதாகப் புனலூரில் இறக்கிய மணி. இன்றைக்கு அதில் 6:10 என்று எழுதியிருக்கிறேன்.